முறுக்கும்வே மருமவனே, லேத்துக்காரர் பொழைக்கட்டும்

உம்ம பைக்க இனிமே நீரே கழத்தி நீரே மாட்டப் போறீராம்லா மருமவனே. உங்க அத்தை சொன்னா. கேட்டதும் எனக்கு ரெண்டு சந்தோசம். பெங்களூர்ல உக்காந்து கம்ப்யூட்டரத் தட்டுத பிள்ளைக்குக் கையில கிரீசு படணும்னு ஆசை வந்துச்சே, அது ஒண்ணு. இன்னொண்ணு, நம்ம சங்கரன்கோவில் ரோட்டு லேத்துப் பட்டறை அண்ணாச்சிக்கு நல்ல காலம் பொறந்திருக்கு. மரை போன ஓட்டையப் பெருசாத் துளைச்சு, டேப்பு அடிச்சு, உள்ள ஹெலிகாயில் சுருள் வச்சுக் குடுக்குத கூலியிலதான் அந்த மனுசன் வீட்டுக்கு மாடி எடுத்தாரு. பூச்சு வேலை இன்னும் பாக்கி கெடக்கு. இப்ப எல்லாரும் ஷோரூம்லயே விட்டுருதாங்க, பட்டறைப் பக்கம் ஆளு வாரதில்லன்னு நொந்துக்கிட்டு இருந்தாரு. "கவலைப்படாதேயும் அண்ணாச்சி, என் மருமவன் சொந்தமா சர்வீஸ் பண்ணப் போறான்"ன்னேன். முகத்துல என்னா வெளிச்சம்ங்கீரு!

உம்ம கையப் பாத்தேன். ஜிம்முல காசு கட்டி வளத்த கை, குறை சொல்லுததுக்கு ஒண்ணுமில்ல. ஆனா அந்தக் கைக்கு ஏத்த போல்ட்டு உம்ம வண்டியில தேடுனாலும் கிடைக்காது. கிளட்ச் கவரு, மேக்னெட் கவரு, டேப்பட் மூடி, இதையெல்லாம் புடிச்சுக்கிட்டு நிக்குதது 6 மில்லி போல்ட்டு. தலையில 10 நம்பர் ஸ்பேனர் உக்காரும், சிலதுல 8 நம்பரு. அதுக்குக் கம்பெனிக்காரன் எழுதி வச்சிருக்க முறுக்கு பெரும்பாலும் 10 நியூட்டன் மீட்டரு, ஒண்ணு ரெண்டு வண்டியில 12. எண்ணு பெருசாத் தெரியுதோ? கணக்குப் போட்டுப் பாரும். 10-11 ஸ்பேனரு சுமாரா 15 சென்டிமீட்டர் நீளம். அதோட நுனியில ஏழு கிலோவுக்குக் கொஞ்சம் கொறைவா எடை தொங்க விட்டாலே 10 நியூட்டன் மீட்டரு வந்துரும். அவ்வளவுதான். நீரு மூச்சப் புடிச்சுக்கிட்டு 20 கிலோவக் குடுத்தா முறுக்கு 30-ஐத் தொட்டுரும். மூணு மடங்கு மரியாதை! போல்ட்டு அத எங்க கொண்டு போயி வைக்கும்?

முறுக்கும்போது கையில என்ன தெரியும்னு சொல்லுதேன், கவனமாக் கேளும். மொதல்ல விரலுக்கே லேசாச் சுத்தும். தலை போயி கவர்ல உக்காந்ததும் ஸ்பேனரு எதிர்க்க ஆரம்பிக்கும். தள்ளத் தள்ள எதிர்ப்பு ஏறிக்கிட்டே வரும். அப்புறம் ஒரு இடத்துல, சத்தம் கித்தம் ஒண்ணும் இல்லாம, ஏறிக்கிட்டு வந்த எதிர்ப்பு ஏறாம நின்னுரும். ஸ்பேனரு சொகமாச் சுத்தும். வெவரம் தெரிஞ்சவன் அந்த எடத்துல ஸ்பேனரக் கீழ வச்சுட்டு நெத்தியில கைய வைப்பான். நீரு என்ன செய்வீரு? "இன்னும் இறுகல போலருக்கே"ன்னு இன்னொரு அரைச் சுத்து குடுப்பீரு. பெறகு கழத்திப் பாத்தா, போல்ட்டு மரைக்குள்ள பளபளன்னு மெல்லிசா ஒரு இழை சுருண்டு ஒட்டிக்கிட்டு இருக்கும். அழுக்குன்னு நினைச்சு வேட்டியில தொடச்சுராதேயும். அதுதான்வே உம்ம இஞ்சின் ஓட்டையில இருந்த மரை. கேஸு அலுமினியம், போல்ட்டு உருக்கு. ரெண்டும் மல்லுக்கட்டினா தோக்குதது எப்பவும் அலுமினியந்தான். பத்து ரூவா போல்ட்டு பொழச்சுக்கும், இஞ்சின் கேஸு போயிரும். அண்ணாச்சி வீட்டுல ஒரு சட்டி சிமெண்டு ஏறும்.

"கெட்டியா இருக்கத்தான மாமா முறுக்குதோம், கொஞ்சம் கூடுனா என்ன கெட்டுப் போச்சு?" இந்தக் கேள்விய நீரு கேப்பீருன்னு தெரியும். உம்ம அப்பாவும் இதையேதான் கேப்பாரு. அவரு டிவிஎஸ் 50-ல கடைசி வரைக்கும் ஒரு சைடு கவருக்கும் எல்லா போல்ட்டும் இருந்ததில்ல.

வண்டியில வைக்கோல் பாரம் ஏத்திக் கட்டுததப் பாத்திருக்கீரா? எங்க பாத்தீரு, நீரு பொறந்தப்பவே ஊருக்குள்ள டிராக்டரு வந்தாச்சு. பாரத்துக்கு மேல வடக்கயித்தப் போட்டு, பின்னால ரெண்டாளு தொங்கி இழுத்துக் கட்டுவாங்க. கயிறு விண்ணுன்னு நிக்கும். பாரத்தப் புடிச்சு வைக்குதது முடிச்சு இல்ல, அந்த விண்ணுதான். தொய்வாக் கட்டுனா மொதப் பள்ளத்துலயே பாரம் நகரும், நகந்தா கயிறு இன்னும் தொய்யும், களத்துக்கு வந்து சேருததுக்குள்ள பாதி வைக்கோலு ரோட்டுல கெடக்கும். அதுக்காக வீராப்பா இழுத்துக்கிட்டே போனா நாரு ஒவ்வொண்ணா விட்டு, கயிறு சாந்தரத்துக்குள்ள கைய விரிச்சுரும். போல்ட்டும் இந்தக் கயிறுதான். முறுக்கும்போது அது நீளுது. நீண்டது பழையபடி சுருங்கப் பாக்குது. அந்த இழுப்புல ரெண்டு துண்டும் நெருங்கி நிக்குது. 6 மில்லி போல்ட்டுல 10 நியூட்டன் மீட்டர் குடுத்தா சுமாரா 800 கிலோவுக்கு மேல அழுத்தம் விழும். அந்த அழுத்தத்துக்கு, 30 மில்லி நீள போல்ட்டு எவ்வளவு நீளும் தெரியுமா? ஒரு தலைமுடி கனம். உம்ம கிளட்ச் கவரு நிக்குதது அந்த முடி கனத்துலதான். கழத்துனா போல்ட்டு பழைய நீளத்துக்குத் திரும்பிரும். எல்லையத் தாண்டி இழுத்துட்டா திரும்பாது, அப்புறம் அது புடிக்கவும் புடிக்காது. தலையில 8.8-னு அச்சடிச்ச போல்ட்டுன்னா, 6 மில்லிக்கு அந்த எல்லை 15, 16 நியூட்டன் மீட்டர் வாக்குல வந்துரும். உம்ம 30 எங்க நிக்குதுன்னு பாத்துக்கிடும்.

கொறைச்சு முறுக்குனா மட்டும் வாழுமான்னா, அதுவும் இல்ல. யுங்கர்னு ஒரு ஜெர்மன்காரரு 1969-ல இத ஆராய்ஞ்சு எழுதி வச்சாரு. போல்ட்டு தானாக் கழலுததுக்குப் பெரிய காரணம், மாட்டுன ரெண்டு துண்டும் குறுக்கால ஒண்ணு மேல ஒண்ணு வழுக்குததுதான்னு காட்டுனாரு. அழுத்தம் போதுமான அளவு இருந்தா துண்டுக வழுக்காது, வழுக்கலன்னா போல்ட்டும் திரும்பாது. அழுத்தம் கொறைஞ்சா நம்ம புளியங்குடி ரோட்டுக் குலுக்கல் மிச்சத்தப் பாத்துக்கிடும்.

"அதுக்குத்தான மாமா ஸ்பிரிங் வாஷர் போட்டிருக்கேன்"ன்னு சொல்லுவீரு. போடும், போடும், அழகாத்தான் இருக்கு. ராக்கெட்டு விடுத நாசாக்காரங்க போல்ட்டு நட்டுக்குன்னே 1990-ல ஒரு கையேடு போட்டிருக்காங்க. அந்த வெட்டு வாஷரு முழுசா அமுங்குன பெறகு வெறும் வாஷருதான், பூட்டுததுக்கு அது ஒதவாதுன்னு அதுல எழுதிட்டாங்க. சந்திரனுக்குப் போயிட்டு வந்தவன் சொல்லுதான். நீரு குத்தாலத்துக்குப் போயிட்டு வந்து வாஷர நம்புதீரு.

சரி, இனிதான் கூத்து. நீரு குடுக்குத முறுக்கு முழுசும் போல்ட்ட நீட்டுததுக்குப் போவுதுன்னு நினைச்சீரா? ஏறக்குறைய பாதி, தலைக்கு அடியில உரசியே தீந்துரும். பத்துல நாலு பங்கு மரை உரசுததுல போயிரும். மிச்சம் பத்துல ஒரு பங்குதான் கயித்த இழுக்குது. கவர்மெண்டு திட்டத்துல கூட இவ்வளவு வழியில சிந்தாது. உரசல்லயே பத்துல ஒம்போது போவுதுன்னா, உரசல் கொஞ்சம் மாறுனாலே அந்தக் கடைசி ஒண்ணு தலைகீழாப் போயிருமா இல்லையா? காஞ்ச போல்ட்டுக்கு 10 நியூட்டன் மீட்டர்ல 800 சொச்சம் கிலோ அழுத்தம் விழுதுன்னா, அதே போல்ட்டுல எண்ணெயத் தடவிட்டு அதே 10-ஐக் குடுத்தா 1,100 கிலோவத் தாண்டும். டார்க் ரெஞ்சுல வச்ச எண்ணு மாறல, அளவு வந்ததும் அது குடுக்குத 'கிளிக்'கும் மாறல. போல்ட்டு மட்டும் உள்ளுக்குள்ள அலறும். நேர்மாறா, துருப்புடிச்சு மண்ணு அப்புன மரைன்னா முறுக்கெல்லாம் துருவத் தேய்க்குததுலயே செலவாயிரும். 'கிளிக்'குன்னு சத்தம் வரும், நீரு பெருமையா எந்திரிப்பீரு, கவரு லூசா இருக்கும்.

அதனால மேனுவல்ல "மரையில எண்ணெய் தடவவும்"னு போட்டிருந்தா தடவும். போடலன்னா மரையத் தொடச்சு, காய வச்சு, அப்புறம் மாட்டும். உம்ம பாசத்தக் காட்டுததுக்கு எல்லா போல்ட்டுலயும் கிரீசு அப்பாதேயும். ஸ்பார்க் பிளக்குல கூட அப்புதீராமே? என்ஜிகே கம்பெனிக்காரன் தன் பிளக்கு மரைக்கு ஒண்ணும் தடவாதீங்கன்னே சொல்லுதான். அலுமினியம் ஹெட்டுல 10 மில்லி மரை பிளக்குக்கு 10-லருந்து 12, 12 மில்லிக்கு 15-லருந்து 20, 14 மில்லிக்கு 25-லருந்து 30 நியூட்டன் மீட்டரு. ரெஞ்சு இல்லன்னாலும் பாதகமில்ல. இஞ்சின் ஆறுன பெறகு கையாலேயே கடைசி வரைக்கும் சுத்தி உக்கார வச்சுட்டு, புதுப் பிளக்குன்னா அரைச் சுத்து சொச்சம். எவ்வளவுன்னு அட்டைப் பெட்டி மேலயே படம் போட்டிருக்கும். பழைய பிளக்குன்னா அதுல வாஷரு ஏற்கனவே நசுங்கியாச்சு, சும்மா ஒரு தட்டு தட்டுனாப் போதும். அந்தப் பெட்டிய நீரு பிரிச்சதும் தூரப் போட்டுட்டீரு. எனக்குத் தெரியும்.

மேனுவலப் படிக்கும்போது எண்ண மட்டும் பாக்காதேயும், பக்கத்துல என்ன எழுதியிருக்குன்னும் பாரும். ஒரே போல்ட்டுக்கு மூணு விதமா எழுதுவாங்க. 10 நியூட்டன் மீட்டருங்கதே, பழைய புத்தகத்துல 1 கிலோகிராம் மீட்டருன்னு இருக்கும், அமெரிக்கக்காரன் புத்தகத்துல 88 அங்குல பவுண்டுன்னு இருக்கும். அங்குல பவுண்டு வேற, அடி பவுண்டு வேற, பன்னெண்டு மடங்கு. 88 அங்குல பவுண்ட அடி பவுண்டுன்னு வாசிச்சு முறுக்கப் போனீருன்னா, நியூட்டன் மீட்டர்ல 119 ஆச்சு. 119-ஐ நீரு எட்டவே மாட்டீரு, போல்ட்டு அதுக்கு ரொம்ப முன்னாடியே தலையக் கையில குடுத்துட்டுப் போயிரும். உடைஞ்ச துண்டு உள்ள நிக்கும். அதத் துளைச்சு எடுக்க அண்ணாச்சி தனிக் கூலி வாங்குவாரு, நியாயந்தான்.

இப்ப உம்ம டார்க் ரெஞ்சுக்கு வாரேன். ஆன்லைன்ல வாங்குனீராம், தள்ளுபடியாம். தூக்கிப் பாத்தேன், தோள்ல வச்சுக்கிட்டு நடந்தா நாயெல்லாம் ஒதுங்கும். அதுல 40-லருந்து 210 நியூட்டன் மீட்டர் வரைக்கும் கோடு போட்டிருக்கு. நல்ல சாமான். உம்ம பைக்குல 40-க்கு மேல முறுக்கு கேக்குதது முன்னால பின்னால ஆக்ஸில் நட்டு, ஸ்விங் ஆர்ம் பிவட்டு, இன்னும் ஒண்ணு ரெண்டு. மிச்சமுள்ள எல்லா போல்ட்டும் அந்தக் கோட்டுக்குக் கீழ கெடக்கு. 10-ங்குத எண்ணே அதுல இல்ல. நீரு 40-க்குக் கீழ திருகி "இது பத்தா இருக்கும்"னு வச்சுக்கிட்டு, கிளட்ச் கவர முறுக்கிட்டு, சத்தம் வரும்னு காதத் தீட்டிக்கிட்டு உக்காந்திருந்தீராம். சத்தம் வராம இருக்குமா? வரும். ஆனா அது ரெஞ்சுல இருந்து வராது.

சின்ன போல்ட்டுக்குச் சின்ன ரெஞ்சு வேணும்வே. கால் அங்குல முனை, 5-லருந்து 25 நியூட்டன் மீட்டர் வரைக்கும் காட்டுதது. பைக்குக்கு மொதல்ல வாங்க வேண்டியது அதுதான். பெருச அப்புறம் வாங்கினாப் போதும். கடைக்காரன் பெருசத்தான் விப்பான், பெருசா இருந்தாத்தான் நீரு வாங்குவீருன்னு அவனுக்குத் தெரியும்.

இந்த ரெஞ்சு பொறந்த கதை தெரியுமா? நியூயார்க்கு மாநகரத் தண்ணி இலாகாவுல வேலை பாத்த கான்ராட் பாருன்னு ஒருத்தரு 1918-ல யோசிச்சது. குழாய் மூட்டுல இருக்க போல்ட்ட ஆளுக அளவில்லாம முறுக்கிக் கெடுத்துக்கிட்டு இருந்தாங்க, அதுக்கு ஒரு கடிவாளம் போடத்தான் செஞ்சாரு. நூறு வருசத்துக்கு முன்னாடியே உம்ம சாதிக்காரங்க அங்கயும் இருந்திருக்காங்க. கை பலத்த ஜாதி!

வாங்குன ரெஞ்ச எப்பிடிப் புடிக்கணும்னு ஒரு நிமிசம் கேளும். கைப்பிடி இருக்க எடத்துல மட்டும் புடிச்சு, பைய, ஒரே சீரா இழுக்கணும். ஒரு 'கிளிக்'கு. நிறுத்தணும். நீரு செய்யுதது எனக்கு ஜன்னல் வழியாக் கேக்குது: 'கிளிக்', 'கிளிக்', 'கிளிக்'. முதல் கிளிக்கு கம்பெனிக்காரனுக்கு, ரெண்டாவது உம்ம சந்தேகத்துக்கு, மூணாவது அண்ணாச்சி மாடிக்கு. வெடுக்குன்னு இழுத்தாலும் எண்ணு தாண்டிரும். துருப்புடிச்ச நட்டக் கழத்துததுக்கு அத எடுக்காதேயும், அதுக்கு வேற தடி இருக்கு. சோலி முடிஞ்சதும் கோட்ட அடி எண்ணுக்குத் திருப்பி வச்சுட்டுப் பெட்டியில போடும். இல்லன்னா உள்ள இருக்க சுருள் அமுங்கியே கெடந்து தளந்துரும். கீழ விழுந்துட்டா அப்புறம் அத நம்பாதேயும். ஐஎஸ்ஓ 6789-ங்குத விதிப்படி, 10 நியூட்டன் மீட்டருக்கு மேல நாலு சதவீதம், அதுக்குக் கீழ ஆறு சதவீதம் வரைக்கும் முன்னப்பின்ன காட்டலாம். ஒரு வருசம் இல்ல 5,000 முறுக்கு, எது முந்துதோ அப்ப சோதிக்கணும். நீரு வருசத்துக்கு அம்பது போல்ட்டு முறுக்குனாலே அதிசயம், 5,000-த்துக்குப் பயப்பட வேண்டாம்.

"அப்ப ரெஞ்சு இருந்தாக் கவலையே இல்லல்லா"ன்னு நிம்மதியாப் பெருமூச்சு விடுதீரு பாத்தீரா, அதையும் கெடுத்துட்டுத்தான் எனக்குத் தூக்கம் வரும். நாசாக்காரன் அதே கையேட்டுல ஒரு அட்டவணை போட்டிருக்கான். கைப்பக்குவத்துல முறுக்குனா போல்ட்டுல விழுத இழுப்பு 35 சதவீதம் வரைக்கும் முன்னப்பின்ன இருக்குமாம். டார்க் ரெஞ்சு வச்சு முறுக்குனா? 25 சதவீதம். ஆமாம்வே, 25. ரெஞ்சு நாலு, ஆறு சதவீதத்துக்குள்ளதான் பொய் சொல்லுது. மிச்சத்த உரசல் சொல்லுது. போல்ட்டு எவ்வளவு நீண்டுச்சுன்னு நேரா அளந்தாத்தான் மூணு, அஞ்சு சதவீதத்துக்கு எறங்குமாம். உம்ம காசுக்குக் கெடச்சது பத்தே பத்து சதவீதம். மரையத் தொடச்சுச் சுத்தமா மாட்டுனாத்தான் அந்தப் பத்தும். இன்னொண்ணையும் யோசியும்: அந்த 35, தொழில்காரன் கைக்கா, உம்ம கைக்கான்னு அந்த அட்டவணையில இல்ல. உம்ம கை அந்தக் கணக்குக்குள்ள அடங்குமான்னு எனக்குச் சந்தேகம்.

பழைய மெக்கானிக்கு எல்லாம் ரெஞ்சு இல்லாமத்தான வேலை பாத்தாங்கன்னு நீரு கேக்கலாம். பாத்தாங்க. நல்ல மெக்கானிக்கு சின்ன போல்ட்ட முறுக்கும்போது ஸ்பேனர எங்க புடிக்கான்னு ஒரு தடவையாவது கவனிச்சீரா? வாலப் புடிக்க மாட்டான். கழுத்தப் புடிப்பான், தலைக்குப் பக்கத்துல, ரெண்டு விரலும் கட்டைவிரலும். ஸ்பேனர் செஞ்சவன் கோட்டிக்காரன் இல்ல. 10 நம்பரு ஏன் சின்னதா இருக்கு, 24 நம்பரு ஏன் நீளமா இருக்கு? போல்ட்டு எவ்வளவு தாங்குமோ அதுக்குத் தக்கன கைநீளம் குடுத்து வச்சிருக்கான். நீரு அந்த ஸ்பேனர் வால்ல ரெண்டடி பைப்ப மாட்டிக்கிட்டு வாரீரு. 60 கிலோ ஆளு ரெண்டடி பைப்புல ஏறி நின்னா 350 நியூட்டன் மீட்டரு. பைக்குல இல்லவே, லாரியில தேடணும் அதுக்கு போல்ட்டு.

மெக்கானிக்குகளையும் நான் ரொம்பத் தூக்கி வைக்கல. டிரெயின் போல்ட்டு விசயத்துல அவங்கள்லயும் பாதிப் பேரு உம்ம கட்சிதான். ஆயில் மாத்துதாங்க. போல்ட்டுக்கு அடியில ஒரு வாஷரு இருக்கு, அலுமினியமோ செம்போ. அது நசுங்கித்தான் ஆயில அடைக்கும். ஒரு தடவை நசுங்கினது அடுத்த தடவைக்குச் சரியா நசுங்காது. புது வாஷரு விலை, கடையில ஒரு டீக்கு ஆகுத காசு. அத மாத்த மாட்டாங்க. பழசையே போட்டா ஒரு சொட்டு கசியும். கசிஞ்சா என்ன செய்வாங்க? இன்னும் கொஞ்சம் முறுக்குவாங்க. அடுத்த ஆயில் சர்வீஸ்ல இன்னும் கொஞ்சம். உம்ம அளவு வண்டியில அந்த போல்ட்டு பெரும்பாலும் 20-லருந்து 30 நியூட்டன் மீட்டருக்குள்ளதான் கேக்கும். அவங்க குடுக்குதத அளந்து பாத்தவன் இல்ல. ஒரு நாள் மரை மொத்தமா உரிஞ்சு வரும். உடனே வெள்ளை டேப்பச் சுத்துவாங்க, அதுக்கு மேல எம்சீல அப்புவாங்க, "அண்ணே, இனி நூறு வருசத்துக்குக் கசியாது"ம்பாங்க. உண்மைதான், கசியாது. கழத்தவும் முடியாது. ஆயில் மாத்தணும்னா இஞ்சினத் தலைகீழாத்தான் கவுக்கணும்.

கவருக்கு நாலஞ்சு போல்ட்டு இருந்தா, ஒண்ண முழுசா முறுக்கிட்டு அடுத்ததுக்குப் போவாதேயும். எல்லாத்தையும் கையால உக்கார வச்சுட்டு, எதிரெதிரா, ரெண்டு மூணு தடவையா ஏத்தணும். கழத்தும்போதும் அப்பிடித்தான். ஹெட்டு போல்ட்டுன்னா இதுல ஒரு நூல் தப்பக் கூடாது. எந்த போல்ட்டு எந்த ஓட்டையில இருந்ததுன்னு ஒரு அட்டையில கவரு படத்த வரைஞ்சு, அந்தந்த எடத்துல குத்தி வையும். நீளமானத குட்டை ஓட்டையில போட்டா அடியில முட்டிக்கிட்டு நிக்கும், ரெஞ்சு அழகா 'கிளிக்'கும், கவரு ஆடும். முறுக்கி முடிச்ச போல்ட்டுத் தலையில பெயிண்ட்டால ஒரு கோடு இழுத்து விடும். கோடு நகந்துருக்கான்னு அடுத்த மாசம் கண்ணாலேயே பாத்துக்கிடலாம். உங்க அத்தை கோலப்பொடிய எடுத்துட்டுப் போயிராதேயும்.

இதுவரைக்கும் சொன்னதெல்லாம் காசு நட்டத்தோட போயிரும். பிரேக்கும் ஆக்ஸிலும் அப்பிடி இல்ல, அங்க நான் சிரிக்க மாட்டேன். கேலிப்பர் போல்ட்டுல சிலதுக்கு மரையிலயே பசை தடவி வரும். ஒரு தடவை கழத்துனா புதுசு போடுன்னு மேனுவல்ல இருந்தா புதுசுதான் போடணும். பசைய நீரே தடவுததா இருந்தா, அதுவும் முறுக்கும்போது ஈரமா வழுக்கும்ங்குதத மறக்காதேயும். பசையோட சொன்ன எண்ணா, பசையில்லாமச் சொன்ன எண்ணான்னு பாரும். டிஸ்க்குல ஒரு சொட்டுக் கூடப் படக் கூடாது.

பின் ஆக்ஸிலு. செயின் டைட் பண்ணுததுக்குன்னு எல்லாரும் கழத்துதாங்க, எண்ணு பாத்து முறுக்குதவன் கொறைவு. செயின் அட்ஜஸ்டர்ல ரெண்டு பக்கக் கோடும் ஒரே எண்ணுல நிக்கணும். நட்ட முழுசா முறுக்குன பெறகு செயினு தொய்வ இன்னொரு தடவை அளந்து பாரும். முறுக்கும்போது சக்கரம் கொஞ்சம் நகந்திருக்கும். உம்ம நட்டுல வெட்டு வெட்டா இருக்குல்லா, அதுல ஒரு பின்னு போவணும். மேனுவல்ல முறுக்குக்கு ஒரு கீழ் எண்ணு, ஒரு மேல் எண்ணு குடுத்திருந்தா, கீழ் எண்ணுல நிறுத்தி ஓட்டை நேரா இருக்கான்னு பாரும். நேரா இல்லன்னா இறுக்குத பக்கமே அடுத்த வெட்டு வரைக்கும் தள்ளணும். பின்னு போவணும்ங்குததுக்காக லூசு பண்ணி நேராக்குதான் பாரும் ஒருத்தன், அவன் பின்னால உக்காந்து வராதேயும். பழைய பின்ன சுத்தியலால நிமித்தித் திரும்பப் போடுதவனும் அவனுக்கு அண்ணந்தான். ரெண்டு தடவை வளைஞ்ச கம்பி மூணாவது தடவை சொல்லாமலே ஒடியும்.

என்னவே, முகம் சுண்டிப் போச்சு? எந்திரியும். மேனுவல எடுத்து உம்ம ஆக்ஸிலுக்கு என்ன எண்ணு போட்டிருக்குன்னு வாசிச்சுக் காட்டும், எண்ணுக்குப் பக்கத்துல எழுதியிருக்கதையும் சேத்து. பெறகு பஜார்ல போயி டிரெயின் போல்ட்டு வாஷரு ஒண்ணு, பின்னு ரெண்டு வாங்கிட்டு வாரும். ஸ்பேர் பார்ட்ஸ் கடைய எட்டு மணிக்கு அடைச்சுருவான். வரும்போது எனக்கு ஒரு கட்டு வெத்தலையும், கொட்டைப்பாக்கும். பாக்குத் தூளு வேண்டாம், அது உம்ம வயசுக்காரங்களுக்கு.